உப்பு வாங்காத வீடு

“ரத்தம் பொய் சொல்லுமாம்மா?” என்று கேட்டுவிட்டு நல்லபெருமாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

ஜெசிந்தா கையிலிருந்த ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினாள். ரத்தம் பொய் சொல்லாது, வாஸ்தவம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

நிலவின் தென்துருவத்தில் பனிக்கட்டி வெட்டியெடுக்கும் குடியிருப்பு அது. பெயர் தாழி. பதினாறு வீடுகள், அறுபத்தொரு பேர். பதினைந்து வீடுகளில் வீட்டுக்கு நாலு பேர், ஒன்றாம் வீட்டில் மட்டும் நிர்வாகி நல்லபெருமாள் தனியாக. ஆள் எடுத்ததெல்லாம் திருச்செந்தூர், தூத்துக்குடிப் பக்கம் என்பதால் பேச்சுவழக்கும் ரசப்பொடியும் கூடவே ஏறிவந்துவிட்டன. மலை முகட்டுக்கு மேலே நீலமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் பூமியைக் கையை உயர்த்திக் காட்டி, “கீழே” என்பார்கள். அதில் இருக்கும் வேடிக்கை புதிதாக வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

குலசேகரப்பட்டினத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்கு ஒரு கப்பல் வரும். அடுத்த கப்பலில் என்ன ஏற்றுவது என்பதுதான் இப்போதைய வழக்கு. தோட்ட அறையைப் பூஞ்சை தின்றுவிட்டதால் காய்கறி என்றால் டின் காய்கறிதான்: பீன்ஸ், பட்டாணி, கேரட், கீரை. டின் வேண்டாம் என்கிற வீடு அதே எடைக்குக் கலர் வாங்கிக்கொள்ளலாம். கலர் என்றால் குளிர்பானம். கெட்டிப் பாகாக வரும், இங்கே தண்ணீரும் வாயுவும் கலந்து பொங்கப் பொங்கக் குடிக்கலாம். சர்க்கரையோடு இரண்டு மூன்று வைட்டமினும் அதில் போட்டிருந்தார்கள்.

சரக்கை மதிப்பிடும் கணினிக்குத் தராசு என்று பெயர். ஒரு கிலோ சரக்கில் எவ்வளவு சத்து என்று பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடும். கலருக்கு அறுபத்துநாலு போட்டது. டின்னுக்கு நாற்பத்தொன்று. காரணம் ரொம்பச் சாதாரணம். டின்னில் பாதி எடை தண்ணீர், அதைக் கொட்டிவிட்டுத்தானே காயைச் சாப்பிடுகிறார்கள்?

“தராசை விடு,” என்றார் நல்லபெருமாள். “பதினாலாம் வீட்டைப் பாரு. பதினெட்டு மாசமா ஒரு டின்கூட வாங்கல. கலர்தான். நாலு பேரு ரத்தமும் பரிசோதனைல தாழியிலேயே முதல் நாலு இடம். அதுகூட வேண்டாம், என்னையே எடுத்துக்கோ. டின் பீன்ஸ் வாசனையே எனக்கு ஆகாது. நாலு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல்ல கெடந்தேன், ஞாபகமிருக்கா? அப்ப எப்படி இருந்தேன், இப்ப எப்படி இருக்கேன்? அஞ்சாவது இடம். எல்லாம் கலர் செஞ்ச வேலை.”

“கலர்ல வைட்டமின் சி இருக்கு சார், இல்லைன்னு சொல்லல. ஆனா ஃபோலேட் கிடையாது. கீரைலயும் பயறுலயும் இருக்கிற சத்து அது. புது ரத்தம் ஊறணும்னா அது வேணும். உங்க அஞ்சு பேருக்கும் அதுதான் கூடுதலா இருக்கு. குடிக்கிற சாமான்ல இல்லாதது ரத்தத்துக்கு எப்படி வந்துச்சு?”

“உடம்பே செஞ்சிருக்கும்.”

“உடம்பு அதைச் செய்யாது சார்.”

நல்லபெருமாள் சிரித்தார். கெட்டவர் இல்லை. எண்களைப் பார்த்துவிட்டால் மனிதர் மயங்கிப்போவார், அவ்வளவுதான். டின்களை நிறுத்தினால் தொள்ளாயிரம் கிலோ மிச்சமாகும், அந்த இடத்தில் புதுத் தண்ணீர் வடிகட்டிகள் வரும். அவருக்கு அந்தக் கவலை.

“அப்ப நீயே கண்டுபிடி. இன்னைக்குச் செவ்வாய். திங்கட்கிழமை பட்டியல் கீழ போகணும். பதினாலாம் வீட்டுக்குச் சரியான காரணம் சொல்லு, கேட்டுக்கறேன். சொல்லலைன்னா டின் கட்.”

டின் கட் என்றால் அடுத்த பதினெட்டு மாதத்துக்கு அறுபத்தொரு பேர் காய் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்க மாட்டார்கள். ஜெசிந்தா தாழியின் உணவுப் பரிசோதகர். அந்த அறுபத்தொரு ரத்தத்துக்கும் பதில் சொல்லவேண்டியது அவள்தான். ஆனால் உள்ளதைச் சொன்னால், அவளை அப்போது பிடித்து ஆட்டியது கவலை அல்ல. இல்லாத சத்து எங்கிருந்து வந்தது? மணப்பாட்டில் பள்ளிக்கூடம் படிக்கிற நாளிலேயே, விடை தெரியாத கணக்கு ஒன்று இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அறைக்குத் திரும்பி, பதினாலாம் வீட்டுக்காரர்களின் பரிசோதனைத் தாள்களை மறுபடி எடுத்தாள். ரத்தத்தை விட்டுவிட்டுச் சிறுநீரைப் பார்த்தாள். அதில்தான் மாட்டியது. நாலு பேருக்கும் உப்பு அதிகம்.

கலரில் உப்பு ஏது?

சரி, சமையலில் அள்ளிப் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு சரக்கறைக்குப் போனாள். அந்த மாதம் சரக்கறைப் பொறுப்பும் அவளுடையதுதான். வீட்டுக்கு ஒரு அடுக்கு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு உப்புப் பொட்டலம் வைப்பார்கள். வேண்டிய வீட்டார் வந்து எடுத்துக்கொள்வார்கள். பதினாலாம் அடுக்கில் பதினோரு பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. இன்னொரு அடுக்கிலும் நாலு பொட்டலம் கிடந்தது, யாரோ மறதிக்காரர் என்று நினைத்து அதை விட்டுவிட்டாள்.

பதினோரு மாதமாக உப்பே வாங்காத வீட்டில், தாழியிலேயே அதிக உப்பு. ஜெசிந்தா சரக்கறை வாசலில் நின்று தன்னை மறந்து சிரித்தாள். இதைவிட நல்ல புதிர் கிடைக்குமா?

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் பார்த்துப் பதினாலாம் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவள் நஸ்ரீன். பனிக்கட்டி துளைக்கும் இயந்திரத்தில் வேலை பார்ப்பவள், கலர் என்றால் உயிரை விடுகிற கட்சி.

“வாங்கக்கா. எங்க வீட்டுச் சாப்பாட்டைப் பரிசோதிக்க வந்தீங்களா? சோறு, அப்பளம், ரசம். கூடக் கலர்.”

“ரசம் தினமும் உண்டா?”

“மூணு வேளையும் உண்டு. பேச்சியக்கா ரசம் இல்லாம நாங்க ஒரு வாய் சாப்பிட மாட்டோம். கலரா டின்னான்னு இந்த வீட்டுல ஓட்டுப் போட்டப்போ நாங்க மூணு பேரும் கலர், அவங்க மட்டும் டின். தோத்துட்டாங்க. அந்தக் கோவத்தை எல்லாம் ரசத்துல காட்டுறாங்க.”

பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது. வீடு வீடாகப் போய்க் கழிவுநீரைச் சேகரித்துச் சுத்திகரிப்பு அறைக்குக் கொண்டுபோவது அவள் வேலை. ஒரு டம்ளரில் ரசத்தை ஊற்றி நீட்டினாள்.

ஜெசிந்தா குடித்தாள். புளி, மிளகு, பூண்டுப் பொடி. அதற்கெல்லாம் அடியில், நாக்கின் கடைசியில், மெல்லியதாகப் பட்டாணி வாசனை.

டம்ளரைக் கீழே வைத்தாள். “பேச்சியக்கா, கொஞ்சம் வெளிய வாங்களேன்.”

சுத்திகரிப்பு அறையில் வைத்துத்தான் பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். முதலில் மழுப்பினாள். பிறகு ஓரத்தில் இருந்த நீல வாளியைக் காலால் தள்ளிக் காட்டினாள்.

நீல வாளி எல்லா வீட்டிலும் உண்டு. டின்னைத் திறந்ததும் அதிலுள்ள தண்ணீரை அதில்தான் வடிக்கவேண்டும்; டின் தண்ணீரும் பொதுத் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் வடிகட்டிகளைக் கெடுக்கும் என்பதால், அதைத் தனியாகச் சேர்த்துக் காய்ச்சி நீராவியாக்கி எடுப்பார்கள்.

“டின்னு வாங்குற பதினாலு வீட்டுத் தண்ணியும் என் கையிலதான வருது,” என்றாள் பேச்சியம்மாள். “மொத நாளு பாத்தேன். பச்சைப் பசேல்னு, கீரை வேகவச்ச தண்ணி. பருப்பு வேகவச்ச தண்ணியை எவளாவது சாக்கடைல ஊத்துவாளா? அதுலதான ரசம் வைப்போம்? இவங்க என்னடான்னா காயை வடிச்சு, அலசி, இன்னொரு தண்ணில வேகவச்சு, அதையும் வடிச்சு, சக்கையைத் திங்காங்க. எனக்கு மனசு கேக்கல. ஒரு நாளு ரெண்டு செம்பு மோந்தேன். அப்புறம் தினமும் மோந்தேன். அதுலயே உப்பு இருக்கு, தனியா எதுக்கு உப்பு?”

ஜெசிந்தாவுக்கு முகம் சூடேறியது. தாழிக்கு வந்த நாள்முதல் ஒவ்வொரு டின்னையும் அவளும் அப்படித்தான் பரிசோதித்திருந்தாள். ‘வடித்த எடை’ என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். டின்னைத் திறப்பாள், தண்ணீரை நீல வாளியில் கொட்டுவாள், மிச்சக் காயை அளந்து தராசுக்குச் சொல்வாள். வீட்டில் பருப்புத் தண்ணீரில் ரசம் வைத்துத்தான் அவளும் வளர்ந்தாள். பரிசோதனை அறைக்குள் நுழைந்ததும் அந்தப் புத்தி எங்கே போயிற்று என்று தன்மேலேயே கோபம் வந்தது.

“அக்கா, நீர் விதி ஏழு தெரியும்ல?”

“தெரியாம என்ன? பொதுத் தண்ணியைத் தனக்குன்னு எடுத்தா, அடுத்த கப்பல்ல கீழ.” பேச்சியம்மாள் வாளியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “ஆனா எடுத்து நான் எங்க கொண்டுபோனேன்? குடிக்கோம். மறுநாளு காலைல எல்லாம் உங்க தொட்டிக்குத்தான வருது? ஒரு சொட்டு குறைஞ்சிருக்கான்னு அளந்து பாரு.”

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

“நீ எழுதித்தான் ஆகணும், எனக்குத் தெரியும். எழுதலைன்னா எல்லாருக்கும் டின்னு போயிரும். எழுதினா நான் போயிருவேன்.” அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலே எட்டில் தாவிப் போய்த் திரும்பி வந்தாள். “இத பாத்தியா? பத்தொம்பது வயசுல லாரி இடிச்சு இடுப்பெலும்பு நொறுங்கிச்சு. இருபது வருசம் கக்கத்துல கட்டையை வச்சுத்தான் நடந்தேன். கழிவுநீர் வேலை தெரியும்னு இங்க கூட்டிட்டு வந்தாங்க. இங்க உடம்பு கனம் ஆறுல ஒரு பங்குதான. வந்து எறங்கின அன்னைக்குக் கட்டையைக் கீழ போட்டேன். ஆறு வருசமாச்சு. கீழ போனா, மறுபடி கட்டை.”

ஜெசிந்தாவின் ஆர்வமெல்லாம் அந்த இடத்தில் வற்றிப்போயிற்று. புதிருக்கு விடை கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. ஏன்தான் உப்பைத் தேடிப் போனோமோ என்று இருந்தது.

வியாழன் முழுவதும் பரிசோதனை அறையை விட்டு அவள் நகரவில்லை. பத்து டின்களைத் திறந்தாள். இம்முறை காயைத் தனியாகவும் தண்ணீரைத் தனியாகவும் அளந்தாள். ஃபோலேட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு தண்ணீரில் இருந்தது. வைட்டமின் சி-யும் அப்படியே. கலரையும் விடவில்லை. போட்ட வைட்டமினில் பாதி, பதினெட்டு மாதம் டப்பாவில் இருந்ததில் தானே அழிந்திருந்தது. சர்க்கரை மட்டும் சொன்ன சொல் மாறாமல் முழுசாக இருந்தது.

எந்தப் பரிசோதனை முடிவையும் சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் ஒட்டவேண்டும் என்பது விதி. அன்று மாலையே ஒட்டினாள். யார் பெயரும் இல்லை. “டின் காய்கறியின் சத்தில் ஏறத்தாழப் பாதி அதன் தண்ணீரில் உள்ளது” என்று ஒரு வரி, கீழே எண்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்லபெருமாள் கூப்பிட்டனுப்பினார்.

“தண்ணியையும் சேர்த்தா டின்னுக்கு எழுபது மார்க்கு போடுது தராசு. சரி. ஆனா பதினாலாம் வீடு டின்னே வாங்கலையேம்மா. அதுக்கு என்ன பதில்? தராசைவிட ரத்தம்தான் எனக்குச் சாட்சி.”

அப்போது கதவு திறந்தது. பேச்சியம்மாள் ஒரு பிளாஸ்குடன் உள்ளே வந்து, பழக்கப்பட்டவள்போல மேஜைமேல் வைத்தாள். நல்லபெருமாள் பேச்சை நிறுத்தாமலேயே மூடியைத் திறந்து டம்ளரில் ஊற்றினார். மிளகு வாசனை எழுந்தது.

ஜெசிந்தாவுக்குச் சரக்கறையின் இன்னொரு அடுக்கு ஞாபகம் வந்தது. நாலு பொட்டலம். நாலு மாதம். ஒன்றாம் நம்பர் அடுக்கு.

“சார், இந்த ரசம் எப்போதுலேர்ந்து குடிக்கிறீங்க?”

“காய்ச்சல்ல கெடந்தப்போ பேச்சி கொண்டுவந்து குடுத்தா. அதுலேர்ந்து விட முடியல. ஏன்?”

ஜெசிந்தா பேச்சியம்மாளைப் பார்த்தாள். பேச்சியம்மாள் தானே சொல்லிவிட்டாள். வாளி, செம்பு, ரசம், எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, “அந்தப் பிள்ளை மேல தப்பில்ல, என் பேரை எழுதாமத்தான் வச்சிருந்தா,” என்றாள்.

நல்லபெருமாள் வாயருகே கொண்டுபோன டம்ளரை மெதுவாக இறக்கி வைத்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். தன் ரத்தத்தைத் தானே சாட்சிக்குக் கூப்பிட்டவர் அவர்.

“ஏழாம் விதியை எழுதினதே நான்தான் பேச்சி,” என்றார். “மொத வருசம் ஒருத்தன் தண்ணியைத் திருடி ஒளிச்சு வச்சான், நினைவிருக்கா? ஒரு வாரம் எல்லாரும் தொண்டை காஞ்சு கெடந்தோம். அதுக்காக எழுதினது. வேண்டப்பட்டவங்கன்னு ஒருத்தரை விட்டா, அப்புறம் விதின்னு ஒண்ணு எதுக்கு?”

“தண்ணி திரும்பி வந்துருச்சு சார்,” என்றாள் ஜெசிந்தா. “மூணு மாசத்துத் தொட்டி அளவு பாத்தேன், குறையவே இல்ல. சத்து மட்டும்தான் வழியில ஆளுங்ககிட்ட தங்கிருக்கு. இல்லைன்னா அது கொதிகலன் அடியில கசடாப் போயிருக்கும்.”

நல்லபெருமாள் பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினார். “ஞாயித்துக்கிழமை சொல்றேன். அதுவரைக்கும் எனக்கு ரசம் வேண்டாம்,” என்று டம்ளரைத் தள்ளி வைத்தார். பிளாஸ்கு அங்கேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதத்தின் முதல் ஞாயிறு, உப்பு நாள். ஜெசிந்தா காலையிலேயே போய்ப் பதினாறு அடுக்கிலும் புதுப் பொட்டலம் வைத்துவிட்டு, அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு அடுக்கின்மேல்தான் கண். ஒன்றாம் வீட்டுப் பொட்டலத்தை நல்லபெருமாள் எடுத்தால், இனிமேல் அவருக்குப் பேச்சியம்மாளின் ரசம் கிடையாது என்று அர்த்தம். அப்புறம் கடிதம் எழுதுவார், கப்பல் வரும்.

மூன்றாம் வீட்டார் வந்து உப்பு எடுத்துப் போனார்கள். பத்தாம் வீட்டார் எடுத்துப் போனார்கள். அப்புறம் ஒருவரும் வரவில்லை. பதினொரு மணிக்கு வரவில்லை, மூன்று மணிக்கும் வரவில்லை. அடுக்குகளை ஒருமுறை எண்ணினாள், நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

மாலையில் பேச்சியம்மாள் நீல வாளியோடு வந்து வாசலில் நின்றாள். “இத பாரு அநியாயத்தை,” என்று வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் அரைச் செம்புகூட இல்லை. “ரெண்டு நாளா எந்த வீட்டுலயும் ஒருத்தி தண்ணி ஊத்த மாட்டேங்கா. பலகைல நீ ஒட்டினதைப் படிச்சிட்டு எல்லாரும் அவங்கவங்க வீட்டுலயே ரசம் வச்சிட்டாங்க. எனக்கு ஒரு சொட்டு இல்ல. நஸ்ரீன் காலைலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு இருக்கா. அப்பதான் அவகிட்ட சொன்னேன், நீ இவ்வளவு நாளும் டின்னுதான் குடிச்சேன்னு. இன்னும் பேசல.”

அவளுக்குப் பின்னால் நல்லபெருமாள் வந்தார். கையில் கழுவித் துடைத்த காலி பிளாஸ்கு. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்துவந்திருந்தார் என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. பேச்சியம்மாள் ஒரு ஓரமாக ஒதுங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷத்தில் அவள் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றதை ஜெசிந்தா அன்றுதான் பார்த்தாள்.

நல்லபெருமாள் நேராக ஒன்றாம் அடுக்குக்குப் போய்ப் புதுப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். திரும்பும்போதுதான் மற்ற அடுக்குகள் கண்ணில் பட்டன. நின்று, விரலை நீட்டி, ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணாமல் அவரால் இருக்க முடியாது.

“ஏன் யாரும் உப்பு எடுக்கல?”

“ரெண்டு வீடு எடுத்தாங்க சார்.”

“மத்தவங்க?”

ஜெசிந்தா காலி வாளியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

“ஏழாம் விதிப்படி எத்தனை பேரு கீழ போகணும்?” என்று கேட்டார்.

“ஐம்பத்திரண்டு பேர் சார். நானும் அதுல இருக்கேன். உங்களையும் சேத்தா ஐம்பத்துமூணு.”

“கப்பல்ல திரும்பிப் போக எத்தனை இடம்?”

“ஆறு.”

நல்லபெருமாள் உப்புப் பொட்டலத்தைக் கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு அதை ஒன்றாம் அடுக்கில், பழைய நாலு பொட்டலங்களுக்கு மேலே, ஓரம் சரியாக வைத்தார். பிளாஸ்கைப் பேச்சியம்மாளிடம் நீட்டினார்.

“எங்கிட்ட இல்ல சார்,” என்றாள் பேச்சியம்மாள். “வாளி காலி.”

“எங்க வீட்டுல இருக்கு,” என்றாள் ஜெசிந்தா. “முந்தாநாள்தான் முதல்தடவையா வச்சேன், இன்னைக்கும் வச்சேன். ஆனா கரிக்குது. பழக்கதோஷத்துல ரெண்டு நாளும் உப்பைப் போட்டுட்டேன்.”

நல்லபெருமாள் பிளாஸ்கின் மூடியைத் திறந்து அவளிடம் கொடுத்தார்.

“பரவாயில்ல,” என்றார். “ஊத்து.”